குகை வாசலில் டெஸ்மண்ட்

சமையலறையிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது.

டெஸ்மண்ட் லெத்பிரிட்ஜின் கட்டைவிரல்கள் அப்படியே நின்றன. டிவி திரையில் செந்தாடி வீரன் ஒருவன், பறித்த காளானைக் கையில் வைத்தபடி புல்வெளியில் சிலையாகிப் போனான். அவனுடைய குதிரை மட்டும் எதுவுமே நடக்காததுபோல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அது போன் அழைக்கிற சத்தம் இல்லை. அழைத்தால் விடாமல் அடிக்கும். எடுத்தால் யாராவது பேசுவார்கள், இவரும் பேசுவார். இது ஒரே ஒரு 'டிங்'. யாரோ எழுத்தில் ஏதோ அனுப்பியிருக்கிறார்கள்.

மாவுக்கட்டுப் போட்ட இடது காலை முக்காலியிலிருந்து மெல்ல இறக்கி, ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். போன வாரம் கூரைத் தண்ணீர் போகிற தகரக் குழாயில் அடைத்திருந்த இலைகளை வாருகிறேன் என்று ஏணியில் ஏறி விழுந்ததன் பலன் அது. அவர் ஊரான குயின்ஸ்டவுனில் மழை நின்ற நேரம் பார்த்து ஏறினால்தான் உண்டு. நிற்கும் என்று நம்பி ஏறினார். நிற்கவில்லை.

சமையலறை மேஜையில் போன் வெளிச்சமாகக் கிடந்தது. செய்திக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்துக்குள் மனைவி நொரீனின் முகம் சிரித்தது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நொரீன் அவருக்கு ஒரு வரிகூட எழுதி அனுப்பியதில்லை. அனுப்பிப் பயனில்லை என்று உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவருக்குப் படிக்கத் தெரியாது.

அப்பா அணை கட்டுகிற வேலைக்காரர். ஒரு அணை முடிந்தால் அடுத்த அணை, ஒரு முகாம் கலைந்தால் அடுத்த முகாம். டெஸ் ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சைத் தேடி உட்காருவதற்குள் அடுத்த பள்ளிக்கூடம் வந்துவிடும். எல்லா வாத்தியாரும் முந்தைய வாத்தியார் சொல்லிக் கொடுத்திருப்பார் என்றே நினைத்தார்கள். கடைசியாக ஒருவர் அவனை எழுப்பிப் படிக்கச் சொன்னபோது, அவன் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தின் பக்கமே போகவில்லை. மீசை முளைத்ததும் தாமிரச் சுரங்கத்தில் இறங்கினான். பூமிக்குள்ளே எல்லோருக்கும் ஒரே இருட்டுதான்.

மறைப்பதில் அவர் கெட்டிக்காரர். கண்ணாடியை எப்போதும் வீட்டில் மறந்துவிட்டு வருவார். கையில் எதையாவது கொடுத்தால், "அப்புறம் பாக்கறேன்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். சுரங்கத்தின் டீ அறையில் அறிவிப்புப் பலகை ஒன்று உண்டு. அது மட்டும் அவருக்குத் தொல்லை கொடுத்ததே இல்லை. கூட வேலை பார்த்த கிளைவ் ஹாப்வுட், ஷிஃப்டு தொடங்கும்போதெல்லாம் ரேடியோக்காரன் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு அத்தனை அறிவிப்பையும் உரக்கப் படிப்பான். மற்றவர்கள் ரொட்டித் துண்டைத் தூக்கி அவன்மேல் எறிவார்கள். "வாயை மூடுடா, எங்களுக்குக் கண்ணு இருக்கு" என்பார்கள். டெஸ்ஸும் சேர்ந்து எறிவார், காதைத் தீட்டிக்கொண்டே.

நொரீனிடம்தான் அவர் மாட்டினார். காதலிக்கிற காலத்தில் ஹோட்டலுக்குப் போனால், "உனக்கு என்னவோ அதேதான் எனக்கும்" என்பார். அவளும் அதை அன்பு என்றே நம்பினாள். ஒரு நாள் விளையாட்டாக மெனு அட்டையைத் தலைகீழாகக் கொடுத்தாள். அவர் அதை வெகு கவனமாகப் பார்த்து, தாடையைத் தடவி, "உனக்கு என்னவோ அதேதான்" என்றார்.

நொரீன் சிரிக்கவில்லை. அட்டையை வாங்கி, நேராகத் திருப்பி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மெதுவாகப் படித்தாள். சூப்பிலிருந்து ஐஸ்கிரீம் வரை ஒன்றையும் விடவில்லை. முடித்ததும், "இப்ப சொல்லு, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். அன்றைக்கு அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காய சூப்பின் ஆவி என்று சமாளித்தார்.

அன்றிலிருந்து இந்த உலகத்தில் எழுதி வைத்திருக்கிற எல்லாமும் டெஸ்ஸுக்கு நொரீனின் குரல்தான். மருந்துப் பாட்டில், பத்திரிகை, பக்கத்துத் தெருக் கல்லறையில் பதித்த பெயர்கள், எல்லாமே.

சுரங்கத்தை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் இந்த வீடியோ விளையாட்டு வந்து சேர்ந்தது. நொரீன் பழைய சாமான் கடையில் இஸ்திரிப்பெட்டி வாங்கப் போனவள், இதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "யோவ் கிழவா, மழையைப் பாத்துப் பாத்து நீயும் ஊறிப்போய்க் கிடக்கிறே. இந்தா, இதுல போய் நாலு பேரை அடி" என்றாள்.

அது ஒரு பெரிய கற்பனை நாடு. மலை, காடு, கோட்டை, பூதங்கள் பதுங்கிய குகைகள். இந்த வழிதான் என்று யாரும் விரட்டுவதில்லை, மனம் போன பக்கம் குதிரையைத் தட்டிவிடலாம். ஆனால் அந்த நாட்டு ஆட்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். பேச்சு கீழே எழுத்தாக ஓடும். அதனால் வீரனுக்குக் கை டெஸ், வாய் நொரீன் என்று ஏற்பாடாகிவிட்டது. கால்பந்துக் கிளப்பில் வருஷக்கணக்காகக் குலுக்கல் எண் கூவிய குரல் அவளுடையது. விடுதிக்காரனுக்கு மூக்கால் பேசுவாள். ராஜாவுக்குக் கட்டைக் குரல். சூனியக்காரிக்கு அப்படியே தன் மாமியார் குரல்.

"எங்கம்மா எப்படி இந்தக் காட்டுக்குள்ள வந்தா?" என்பார் டெஸ்.

"பேசாம வாளை எடு. அவ எப்பவும்போல என்னைத்தான் திட்டறா."

அப்படி விளையாடியதில் சில சொற்கள் அவர் கண்ணில் ஒட்டிக்கொண்டன. எழுத்தாக இல்லை, படமாக. காசு போதாமல் கடைக்காரன் கையை விரிக்கும்போது சிவப்பாக வருகிற 'இல்லை' என்கிற சொல். இங்கிலீஷில் அது மூன்றே எழுத்து, நடுவில் ஒரு பந்து. குகைக்கு உள்ள சொல், பிறை நிலாவில் தொடங்கும். அவர்கள் இருவரும் அந்த நாட்டில் வாங்கிப் போட்டிருந்த வீட்டுக்கு உள்ள சொல், ஏணியில் தொடங்கும். அப்புறம் 'கிளியர்'. ஒரு குகையில் இருந்த பூதங்கள் அத்தனையும் ஒழிந்த பிறகு, வரைபடத்தில் அந்தக் குகையின் பெயருக்குக் கீழே வருகிற சொல் அது.

போன மாதம் நொரீனின் தொண்டை கரகரத்தது. குளிர் என்றார்கள், தேன் குடித்தாள். குரல் பாதியாகத் தேய்ந்த பிறகு மலைக்கு அப்பால் பர்னி நகரத்தில் டாக்டர் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல்நாணில் ஒரு கட்டி. வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதன் பிறகு சில வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்து நொரீன் சிரித்தாள். "என் தொண்டை குகை மாதிரி இருக்குதாம் டெஸ். உள்ள ஒரு குட்டிப் பூதம் உக்காந்திருக்குதாம்." சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பாத்திரம் தேய்க்கிற சத்தமே கேட்கவில்லை.

ஆப்பரேஷன் முடிந்து, பர்னியில் தன் தங்கை பெவ் வீட்டில் தங்கியிருக்கிறாள். இன்றைக்குக் காலையில் சோதனை முடிவு. கடை வேலை முடிந்து சாயங்காலம் பெவ் போன் பண்ணிச் சொல்வதாக ஏற்பாடு. மாவுக்கட்டோடு அந்த மலைப் பாதையில் வண்டி ஓட்ட டெஸ்ஸால் முடியாது. காலையிலிருந்து அந்தக் கற்பனை நாட்டில் காளான் பறித்துக்கொண்டிருந்தார். அவளை வழியனுப்பிய நாளில் விளையாட்டு ஒரு குகை வாசலில் நின்றிருந்தது. வாசலில் ஒரு கிழவி, அவள் கேட்ட ஏதோ ஒரு கேள்விக்கு இரண்டு பதில்கள். எது என்ன என்று தெரியாததால் அவர் தொடாமல், வாசலுக்கு எதிர்ப் புல்வெளியிலேயே சுற்றினார். "தனியா உள்ள போயிடாதே, நான் வந்து படிக்கிறேன்" என்று நொரீன் சொல்லியிருந்தாள். வெட்டுகிற கத்திக்கு முன்னால் அவள் அந்தக் குரலில் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

இப்போது அவள் எழுதியிருக்கிறாள். சாயங்காலம் வரை ஏன் பொறுக்கவில்லை? நல்ல சேதி என்பதாலா, கெட்ட சேதி என்பதாலா?

டெஸ் போனை எடுத்துக்கொண்டு டிவி அறைக்கு வந்தார். நான்கே சொற்கள். எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்தில், விளையாட்டின் வரைபடத்தில் இருப்பதுபோலவே. முதல் சொல்லின் தலையில் பிறை நிலா.

மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைபடத்தைத் திரையில் திறந்தார். நொண்டிக்கொண்டே டிவியின் முகத்தருகே போய்ப் போனைத் திரையோடு ஒட்டிப் பிடித்தார். பிறை. கூடாரம். புனல். மூன்று பல் சீப்பு. இங்கேயும் அதே, அங்கேயும் அதே.

குகை.

நொரீன், உன் குகையா?

இரண்டாவது சொல்லும் பிறையில்தான் தொடங்கியது. விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். அவருக்கு ஒப்பிடவே தேவையில்லை, அதுவும் தெரிந்த முகம்தான். ஆனாலும் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார்.

கிளியர்.

சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. இந்தச் சொல் எப்போது வரும்? உள்ளே இருந்த உயிர் எல்லாம் ஒழிந்த பிறகு வரும். உள்ளே போனால் எலும்புதான் கிடக்கும். எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்கிறாளா? குரல் போய்விட்டது, குகை காலி என்கிறாளா? டிவிக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது அந்தச் சொல்லை முதன்முதல் பார்த்த சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அவர் கடைசிப் பூதத்தை வெட்டிச் சாய்த்திருந்தார். நொரீன் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே படித்தாள். "கிளியர்னு போட்டிருக்கான். சனியனெல்லாம் ஒழிஞ்சுது. இனிமே இது நம்ம குகை டெஸ், காலை நீட்டிப் படுக்கலாம்" என்றாள்.

அவளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் அதுதான். அவர் கண்ணுக்குத் தெரிந்த சொல் எது என்று பார்த்து எடுத்தல்லவா எழுதியிருக்கிறாள்.

உடம்பெல்லாம் சூடான தண்ணீர் ஓடியதுபோல் இருந்தது. ஆனால் மனம் அடங்கவில்லை. கடைக்காரனின் அந்தச் சிவப்புச் சொல் இதில் எங்காவது ஒளிந்திருந்தால்? கிளியர் இல்லை என்று எழுதியிருந்தால்? நடுவில் பந்து உள்ள சொல்லைத் தேடினார். மூன்றாவது சொல்லில் இருந்தது. இரண்டாவது எழுத்து, உருண்டையாக, அசையாமல், ஒரு பந்து.

கதவு தட்டப்பட்டது.

"டேய் டெஸ், உசுரோட இருக்கியா, இல்ல பூதம் தின்னுடுச்சா?"

கிளைவ் ஹாப்வுட். தெருக்கோடி வீடு. டெஸ் அவசரமாகக் கண்ணைத் துடைத்தார்.

"திறந்துதான் இருக்கு. காலைத் துடைச்சிட்டு வா. சேறு பட்டா நொரீன் வந்து உன்னைத் தின்னுடுவா."

கிளைவ் மழைக்கோட்டோடு உள்ளே வந்தான். கையில் தகர மூடி போட்ட ஒரு தட்டு. தரையில் உட்கார்ந்திருந்த டெஸ்ஸைப் பார்த்து நின்றான்.

"என்னடா இது, டிவிக்கு முத்தம் குடுக்கிறியா?"

"காளான் பறிச்சேன்."

"உக்காந்தா?"

"கால் வலிக்குதுடா மடையா, கை குடு."

கிளைவ் தட்டை வைத்துவிட்டு அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தான். டெஸ்ஸின் கையில் இருந்த போனைப் பார்த்தான். திரையில் நொரீனின் முகத்தையும் பார்த்தான். சிரிப்பு அடங்கியது.

"இன்னிக்குத்தானே முடிவு?"

"ம்."

"எழுதியிருக்காளா?"

"எழுதியிருக்கா."

மழை தகரக் கூரையில் கொட்டியது. கிளைவ், என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, மூக்கில் மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தான். கையை நீட்டவும் இல்லை.

டெஸ் போனைப் பார்த்தார். கொடுத்துவிட்டால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். கொடுத்தால் இத்தனை காலம் கட்டிக்காத்த மானம் இந்தத் தரையில் கொட்டிப்போகும். அது போனால் போகட்டும். ஆனால் அவள் இதை எனக்கல்லவா எழுதினாள், என் கண்ணுக்கல்லவா.

"இரு. நானே படிக்கிறேன்" என்றார்.

விரலை முதல் சொல்லின் கீழ் வைத்தார். "குகை." நகர்த்தினார். "கிளியர்." அடுத்தது அந்தப் பந்து. மூன்று எழுத்தா? ஒன்று, இரண்டு, மூன்று, இன்னும் ஒன்று. மூன்று இல்லை. பந்துக்கு முன்னால் நிற்பது என்ன? இரண்டு கால், நடுவில் ஒரே ஒரு படி.

ஏணி.

ஏணியில் தொடங்குகிற சொல். சண்டை முடிந்து ரத்தமும் சேறுமாக அந்த வீரன் குதிரையைத் திருப்பும்போதெல்லாம் வரைபடத்தில் அவர் தேடுகிற சொல்.

"வீடு" என்றார் டெஸ். "குகை கிளியர். வீடு."

சிவப்புச் சொல் எங்கேயும் இல்லை. அவர் முதலிலிருந்து ஒருமுறை தேடினார், கடைசியிலிருந்து ஒருமுறை தேடினார். இல்லை. அறுபது தாண்டிய அந்த மனிதர், பூமிக்கடியில் கூரை இடிந்தபோதும் அழாதவர், மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கிளைவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"குகைன்னா?"

"அவ தொண்டைடா."

"அப்ப ஒண்ணும் இல்லையா?"

"பூதம் ஒழிஞ்சுது."

"நல்லா பயமுறுத்தினா, சண்டாளி" என்றான் கிளைவ். அவன் குரலும் நேராக இல்லை.

நான்காவது சொல் ஒன்று மிச்சம் இருந்தது. டெஸ் அதைப் பார்த்தார். எந்த வரைபடத்திலும் பார்க்காத முகம். திருப்பிப் பார்த்தாலும் சாய்த்துப் பார்த்தாலும் அது பேசவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, நொரீன் இல்லாத ஒரு மனிதரிடம் எழுத்தை நீட்டினார்.

"கடைசி வார்த்தை மட்டும் எனக்குத் தெரியல கிளைவ். என்ன அது?"

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கூரை இடிந்து விழவில்லை. கிளைவ் தொண்டையைச் செருமினான், டீ அறையில் செருமியதுபோலவே.

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமையா?"

"வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரா. போய்ப் பாத்திரத்தை எல்லாம் கழுவி வை. அந்தத் தொட்டியைப் பாத்தாலே அவளுக்குக் குரல் தானா வந்துடும்."

டெஸ் சிரித்தார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து மூக்கால் வந்தது. கிளைவ் எழுந்து அந்தப் பாத்திரங்களை அவனே கழுவினான், அப்புறம் டீ போட்டான். மனைவி மார்கி செய்து அனுப்பிய, கறிமசாலா போட்ட சிப்பிக்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்ட பலகாரத்தைப் பற்றிப் பெருமை பேசினான். டெஸ் வரைபடத்தை மூடியதும் திரையைப் பார்த்து, அந்தக் குதிரைக்கு ஏன் இத்தனை பெரிய பின்புறம் என்று கேட்டான்.

"ஆமா, இந்தக் கிழவி குகை வாசல்லயே நிக்கறாளே, உள்ள போகலையா?" என்றான்.

"அவ நிக்கட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கட்டும்."

"கொஞ்ச நாளைக்குப் பேசக்கூடாதாமே நொரீன்? எப்படிப் படிப்பா?"

டெஸ் யோசித்தார். "அவ விரலை வச்சுக் காட்டுவா. தெரிஞ்சதை நான் சொல்றேன். தெரியாததை..." கிளைவின் பக்கம் திரும்பினார். "நீ சாயங்காலம் சும்மாதானே இருக்கே?"

"சூனியக்காரி குரல் எனக்கு வராது."

"வரும். உனக்கு இயற்கையாவே அதுதான்."

கிளைவ் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டான். டெஸ் ஊன்றுகோலோடு அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். வாசலில் கிளைவ் நின்று, திரும்பி வந்து, தட்டின் மூடியில் மார்கி ஒட்டியிருந்த சீட்டைக் குனிந்து பார்த்தான். செருமிக்கொண்டு, ரேடியோக்காரன் மாதிரி, தெருவுக்கே கேட்கும்படி படித்தான். "அரை மணி நேரம் சூடு பண்ணவும். மூடியை எடுத்துட்டு வைக்கவும். தட்டைத் திருப்பித் தரவும்."

டெஸ் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். டீ அறையின் பலகை, பறந்த ரொட்டித் துண்டுகள், ஒரு நாளும் விடாமல் படித்த அந்தக் குரல்.

"கிளைவ், அந்தக் காலத்துல நோட்டீஸ் எல்லாத்தையும் அப்படிக் கத்திக் கத்திப் படிப்பியே. எதுக்குடா?"

கிளைவ் மழைக்கோட்டின் தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டான். முகம் தெரியவில்லை.

"எனக்கு நல்ல குரல்னு எங்கம்மா சொல்லுவா" என்றான். "அடுப்பை மறந்து தூங்கிடாதே."

மழைக்குள் இறங்கி, தேங்கிய நீரை ஒரு தாண்டு தாண்டி, கையை மட்டும் பின்னால் ஆட்டிக்கொண்டே போனான். அவன் தெரு திரும்புகிறவரை டெஸ் வாசலில் நின்றார். பிறகு கதவைச் சாத்தினார்.